ஆண்மையும் ஆண்களின் உளநலமும் மேடையில்: கொழும்பில் தமிழ் நாடகம் போடுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இளைஞர் மன்றம், பழைய மாணவர் சங்கம், பல்கலைக்கழகத் தமிழ் மன்றம் போன்ற சிறிய குழுக்களை மனதில் வைத்து இந்தப் பக்கம் எழுதப்பட்டிருக்கிறது. குழுவில் ஆறேழு பேர், சொந்தமாக எழுதிய ஒரு நாடக எழுத்துரு, கையில் குறைந்த பணம், மூன்று மாத அவகாசம் என்று வைத்துக்கொள்கிறோம்.

இந்தப் பொருளில் எழுதப்படும் எழுத்துரு பெரும்பாலும் எங்கே பிழைக்கிறது?

கடைசிக் காட்சியில். ஒரு மணி நேரம் வாயே திறக்காத ஆண், விளக்கு மங்க, புல்லாங்குழல் ஒலிக்க, முன்மேடைக்கு வந்து சபையைப் பார்த்து ஐந்து நிமிடம் மனதைக் கொட்டுவான். சபை கைதட்டும். அவன் பேசியது யாரிடம்? மேடையில் நிற்கும் மனைவிக்கும் தம்பிக்கும் கூட்டாளிக்கும் ஒரு சொல்லும் கேட்கவில்லை. பார்த்தவருக்கும், நாளைக்குத் தன் கூட்டாளி இப்படிப் பேச வந்தால் என்ன செய்வது என்று தெரியாது.

ஆகவே கேட்பவனை முதலில் எழுதுங்கள். உதாரணமாக இப்படி ஒரு கதையை எடுத்துக்கொள்வோம். 2022 நெருக்கடியில் புறக்கோட்டைப் புடவைக் கடை ஒன்றில் வேலை போன ஒருவர், வீட்டில் சொல்லவில்லை. தினமும் காலை ஏழு மணிக்கு மனைவி கட்டிக் கொடுக்கும் சோத்துப் பார்சலோடு வெளிக்கிடுகிறார். காலிமுகத்திடலில் உட்கார்ந்து அதைச் சாப்பிட்டுவிட்டு ஆறு மணிக்கு வீடு திரும்புகிறார். பழைய கடையில் கூட வேலை செய்தவன் அவரை அங்கே மூன்று முறை பார்க்கிறான். முதல் முறை, "என்ன மச்சான், லீவா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறான். இரண்டாம் முறை பக்கத்தில் உட்காருகிறான், ஆனால் கிரிக்கெட் பேசுகிறான். மூன்றாம் முறைதான் பார்சலைப் பார்த்து, "வீட்டில தெரியுமா?" என்று கேட்கிறான். இந்த மூன்று சந்திப்புகளும்தான் நாடகம். வேலை போனவர் எந்த இடத்திலும் நீளமாகப் பேசத் தேவையில்லை. கேட்பவன் முதல் இரண்டு முறையும் ஏன் தவறவிட்டான் என்பது சபைக்கு விளங்கினால் போதும்.

"எல்லாம் சரி வரும் மச்சான்" என்ற வசனம் உங்கள் எழுத்துருவில் எத்தனை தரம் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். அது ஆறுதல் போலக் கேட்கும். உண்மையில் பேச்சை மூடும் வசனம் அது. அதைச் சொன்ன பிறகு பாத்திரம் வாயை மூடுவதைக் காட்டினால் நல்ல காட்சியாகும்.

எந்தப் பேச்சு வழக்கில் எழுதுவது?

கொழும்புக்கு ஒரே தமிழ் கிடையாது. வெள்ளவத்தை வீட்டில் யாழ்ப்பாணப் பேச்சு, கொட்டாஞ்சேனைக் கடையில் மலையகப் பேச்சு, தெமட்டகொடையில் முஸ்லிம்களின் பேச்சு, எல்லாவற்றுக்கும் நடுவில் சிங்களச் சொற்கள். ஒவ்வொரு பாத்திரமும் எங்கிருந்து வந்தவர் என்று தீர்மானித்துவிட்டு, அந்தப் பேச்சை வீட்டில் பேசும் ஒருவரைக் கொண்டு வசனங்களை ஒரு தடவை வாசிப்பியுங்கள். உறவுச் சொற்களில்தான் அதிகம் சறுக்கும். யாழ்ப்பாணத்து மூத்த தலைமுறைக்கு "ஐயா" என்றால் தகப்பன். அதே ஒலியில் சிங்களத்தில் அண்ணனைக் கூப்பிடுவார்கள். தகப்பனும் மகனும் மோதும் காட்சியில் இந்தக் குழப்பம் வந்தால் சபை அறுந்துபோகும். வாப்பாவோடு மகன் பேசும் தொனியும், அப்பாவோடு மகன் பேசும் தொனியும், எதைப் பேசாமல் விடுகிறார்கள் என்பதும் வீட்டுக்கு வீடு வேறு. மேடைத் தமிழ் என்று ஒன்றை எல்லார் வாயிலும் திணித்தால் ஆண்கள் ஒளிந்துகொள்ளும் இடங்களெல்லாம் எழுத்துருவிலிருந்து காணாமல் போய்விடும்.

"மனச்சோர்வு" என்ற சொல்லை மேடையில் சொல்லலாமா?

வைத்தியர் பாத்திரம் சொல்லலாம். பாதிக்கப்பட்டவர் வாயில் வைத்தால் அது துண்டுப்பிரசுரம் போலக் கேட்கும். நம் ஆண்கள் உடம்பைத்தான் சொல்வார்கள்: "நெஞ்சுக்குள்ள ஒரு இறுக்கம்", "தலை விறைக்குது", "உடம்பெல்லாம் அலுப்பு", "நித்திரை இல்லை", "ஒரே யோசினை". நெஞ்சு நோவென்று வைத்தியசாலைக்குப் போய், ஈசிஜி எடுத்து, "உங்களுக்கு ஒண்டுமில்லை" என்று திருப்பி அனுப்பப்படுபவர் நல்ல காட்சிக்குரியவர். அந்த ஒரு வசனத்தில் அவருடைய கதவு சாத்தப்படுகிறது.

ஆண்களிடம் மனச்சோர்வு எப்போதும் கண்ணீராக வராது. எரிச்சல், சின்ன விஷயத்துக்குக் கத்துவது, வழமையை விடக் கூடுதலாகக் குடிப்பது, மோட்டார் சைக்கிளைக் கண்மண் தெரியாமல் ஓட்டுவது, வேண்டுமென்றே வீட்டுக்குப் பிந்தி வருவது, பிடித்த விளையாட்டையும் நண்பர்களையும் கைவிடுவது என்று வரும். சோர்வோ ஆர்வமின்மையோ அநேகமாக எல்லா நாளும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடிப்பதும், கூடவே நித்திரை, பசி, கவனம் கெடுவதும், குற்றவுணர்வு வருவதும் வைத்தியர்கள் கவனிக்கும் அளவுகோல். எனவே நாடகத்தின் காலக்கணக்கை அதற்கேற்ப வையுங்கள். திங்கட்கிழமை வேலை போய், செவ்வாய்க்கிழமை மனச்சோர்வு வந்துவிடக் கூடாது.

அதிகாலையில் விழித்து மறுபடி தூங்க முடியாமல் கிடப்பது இந்த நிலையின் தெளிவான அடையாளங்களில் ஒன்று. அதைக் காட்டக் கடிகாரம் வேண்டாம். பாயின் விளிம்பில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், மனைவியும் பிள்ளையும் தூங்குகிறார்கள், தூரத்தில் சுபஹ் பாங்கு கேட்கிறது. கொழும்புச் சபைக்கு மணி எத்தனை என்று விளங்கிவிடும். அதே படிமத்தை நாடகத்தில் மூன்று தரம் போட்டால் நாட்கள் ஓடுவதும் விளங்கும்.

சிகிச்சையிலும் அவசரப்படாதீர்கள். மனச்சோர்வுக்கான மாத்திரைகள் வேலை செய்யத் தொடங்க வாரக்கணக்கில் ஆகும். ஒரு காட்சியில் மாத்திரை, அடுத்த காட்சியில் சிரிப்பு என்றால், நாடகம் பார்த்துவிட்டு மருந்து தொடங்குபவர் பத்தாம் நாளே "இது சரிவராது" என்று நிறுத்திவிடுவார்.

"அங்கொடை" பகிடியை வைக்கலாமா?

"உன்னை அங்கொடைக்குத்தான் அனுப்போணும்" என்று சொல்லாத கொழும்பு வகுப்பறை இல்லை. அங்கொடையில் இருப்பது இன்று தேசிய மனநல நிறுவகம். அங்கே உதவி கேட்டுப் போவதையே அந்தப் பகிடி வெட்கமாக்குகிறது. ஒரு தரம் வைக்கலாம், அதைக் கேட்டவர் சொல்ல வந்ததை விழுங்கிக்கொள்வதைச் சபை காணும்படி. சிரிப்புக்காக மட்டும் என்றால் வெட்டிவிடுங்கள். "விசர்" என்ற சொல்லுக்கும் இதே கணக்குத்தான்.

எத்தனை நடிகர்? எவ்வளவு நேரம்?

நான்கு முதல் ஆறு பேர், 70 முதல் 75 நிமிடம், இடைவேளை இல்லாமல். இடைவேளை விட்டால் ஆண்கள் வெளியே போய்ச் சேர்ந்து நின்று, பகிடி விட்டு, கட்டிய இறுக்கத்தை அவிழ்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். 12 வாரம், வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு இரண்டரை மணி நேரம் என்றால் 90 மணி நேர ஒத்திகை கிடைக்கும். இந்த அளவு நாடகத்துக்கு அது போதும்.

ஆண் அழும் இடத்தில் சபை சிரிக்கிறது. என்ன செய்வது?

முதலில் சபையைக் கோபிக்காதீர்கள். கூத்தில் கிரீடம் வைத்த அரசன் மகன் இறந்த செய்தி கேட்டுப் பாடிப் புலம்பும்போது யாரும் சிரிப்பதில்லை. கம்பனின் தசரதனும் இராமனும் அழாத அழுகையா? ஆண் அழக்கூடாது என்பது தமிழில் அப்படியொன்றும் பழைய சட்டம் அல்ல. ஆனால் அந்த அழுகைக்கு ஒரு ராகமும் ஒரு முறையும் இருந்தன. சேர்ட் போட்டவர் உரைநடையில் அழும்போது சபைக்கு எப்படிப் பார்ப்பதென்று தெரியவில்லை. பக்கத்து இருக்கையில் இருப்பவர் தன்னைப் பார்க்கிறாரோ என்ற கூச்சம் சிரிப்பாக வெளிவருகிறது.

நடைமுறையில் சில வழிகள் உண்டு. அழுகைக்கு ஒன்றிரண்டு நிமிடம் முன்னால் சபைக்கு நேர்மையாகச் சிரிக்க ஒரு இடம் கொடுங்கள். அடைத்து வைத்த சிரிப்பு அங்கே போய்விடும். அழும் நடிகரின் கையில் ஒரு வேலை இருக்கட்டும்: சப்பாத்துக்குப் பொலிஷ் போடுகிறார், பிள்ளையின் பாடசாலைச் சேர்ட்டை அயன் பண்ணுகிறார், பார்சலின் நூலை அவிழ்க்கிறார். கை வேலையைத் தொடர முயல்கிறது, முடியவில்லை. அந்தத் தடங்கல்தான் அழுகை. விம்மல் சத்தத்தோடு தொடங்க வேண்டாம். முதலில் மூச்சு நிற்கட்டும், தோள் உயரட்டும், பேச்சு பாதியில் அறட்டும். நடிகரை முக்கால் பங்கு பின்பக்கமாகத் திருப்பி, பிடரியையும் தோளையும் சபைக்குக் கொடுத்தால், முகத்தைச் சுழிக்கும் நடிப்பு தானாகக் குறையும்.

எல்லாவற்றையும் விடப் பலன் தருவது மற்ற நடிகரை எங்கே நிறுத்துகிறீர்கள் என்பது. கேட்பவர் தலையைக் குனிந்தால் சபையும் குனியும், போனைத் தடவினால் சபை சிரிக்கும். கேட்பவர் அசையாமல், முகத்தைத் திருப்பாமல், ஏழெட்டு விநாடி பார்த்துக்கொண்டிருந்தால் சபையும் இருக்கும். ஏழு விநாடி ஒத்திகையில் நீண்ட நேரம் போலத் தோன்றும். நெறியாளர் வாய்க்குள் எண்ணிப் பழக்க வேண்டும். அந்த நேரத்தில் இசை போடாதீர்கள். இசை வந்தால் சபை அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

உயிர்மாய்ப்பை மேடையில் காட்டலாமா?

காட்டாதீர்கள். எப்படி, எதனால், எங்கே என்ற மூன்றையும் வசனத்திலும் சொல்லாதீர்கள். கயிறு, போத்தல், தண்டவாளம் போன்ற குறியீடுகளும் வேண்டாம். மேடை, திரைப் படைப்பாளிகளுக்கென்று உலக சுகாதார அமைப்பு 2019இல் தந்த வழிகாட்டலும் இதையே சொல்கிறது. முறையைக் காட்டுவது, ஏற்கெனவே தத்தளிக்கும் ஒருவருக்கு அதே வழியைக் காட்டிக்கொடுக்கக்கூடும். வழி கைக்கெட்டுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை இலங்கை பட்டே கண்டிருக்கிறது. 1995இல் ஒரு லட்சம் பேருக்கு 47 அளவில் இருந்த உயிர்மாய்ப்பு வீதம், பயிருக்கு அடிக்கும் கொடிய கிருமிநாசினிகள் ஒவ்வொன்றாகத் தடை செய்யப்பட்ட பிறகு பாதிக்கும் கீழே இறங்கியது. இன்றும் இறப்பவர்களில் பெரும்பான்மையானோர் ஆண்கள்.

எழுத்துருவில் இன்னும் சிலவற்றைப் பாருங்கள். ஒரே காரணம் காட்டாதீர்கள்: "கடன் கேட்டான், செத்தான்" என்ற கோடு உண்மையில் அப்படி ஓடுவதில்லை. இறந்தவருக்கு வெற்றி கொடுக்காதீர்கள். அவர் போன பிறகு எல்லாரும் திருந்தி அழுகிறார்கள், படத்துக்கு மாலை விழுகிறது, மன்னிப்புக் கிடைக்கிறது என்றால், உயிரோடு இருந்தபோது கிடைக்காதது இறந்ததால் கிடைத்ததாக ஆகிவிடும். முயற்சி செய்து தப்பியவரைப் பொலிஸ் பிடிப்பதாக எழுதுவது சட்டப்படியும் பிழை. உயிர்மாய்ப்பு முயற்சி 1998இலேயே குற்றப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது.

காட்ட வேண்டியது அந்த எண்ணம் வந்தவர் ஒருவரிடம் சொல்வதையும், சொன்ன பிறகு என்ன நடக்கிறது என்பதையும். கேட்பவர் நேரடியாகவே கேட்கட்டும்: "சாக வேணும் எண்டு யோசிக்கிறியா?" நேரடியாகக் கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி வருவதில்லை. பெரும்பாலும் கேட்கப்பட்டவருக்கு மூச்சு வருகிறது. அந்தக் கேள்வியை ஒரு நடிகர் வாய் கூசாமல் கேட்பதைச் சபையில் முந்நூறு பேர் பார்ப்பது பெரிய காரியம்.

மனைவியை அடிக்கும் காட்சி வருகிறது. எப்படிச் செய்வது?

முதல் கேள்வி, அந்தக் காட்சி யாருக்காக என்பது. "அவனுக்கு மன அழுத்தம், அதனால் அடித்தான்" என்று நாடகம் முடிந்தால், மனைவியின் உடம்பு அவனுடைய நோயின் அறிகுறியாகிவிடும். மனச்சோர்வு உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் அடிப்பதில்லை. அடித்தவர் பொறுப்பேற்கும் இடமும், அவள் போவதா இருப்பதா என்று அவளே தீர்மானிக்கும் இடமும் எழுத்துருவில் இருக்க வேண்டும். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அவள் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம், பெண்களுக்கான உதவி இலக்கமான 1938க்கு அழைக்கலாம். இதைத் தெரிந்த ஒரு பெண் பாத்திரம் கதையில் இருப்பது நல்லது.

செய்முறை. மேடையில் கை முகத்தில் படவே கூடாது. அடிப்பவரின் முதுகு சபைப் பக்கம். இருவரும் கண்ணோடு கண் பார்க்க வேண்டும், இதுதான் "தயார்" என்ற சைகை. பிறகு கை ஓங்கல், ஒரு கண இடைவெளி. கை முகத்துக்கு ஒரு அடி தள்ளிக் கடக்கும்போது, அடி வாங்குபவர் தலையைத் திருப்பிக்கொண்டே தன் மார்பு மட்டத்தில் ஒரு கைதட்டுத் தட்டுகிறார். சத்தம் அவரிடமிருந்தே வருகிறது. முடியைப் பிடிப்பதும் அதேபோல: அடிப்பவர் கையை மூடித் தலைமேல் வைக்கிறார், வாங்குபவர் அந்தக் கையைத் தன் இரு கைகளாலும் பற்றி, தானே நகர்கிறார். எல்லா அசைவிலும் கட்டுப்பாடு வாங்குபவர் கையில். முதலில் கால் வேகத்தில், பிறகு அரை வேகத்தில், கடைசியில் முக்கால் வேகத்தில் பழகுங்கள். மேடையிலும் முக்காலைத் தாண்ட வேண்டாம். ஒவ்வொரு காட்சி நாளும் திரை திறக்க முன் ஒரு தரம் மெதுவாகச் செய்து பார்க்க வேண்டும். விபத்து நடப்பது பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் காட்சியில்தான், "எல்லாம் பழகிவிட்டது" என்று அந்த ஒத்திகையை விடுகிற நாளில். உண்மைப் பெல்ட், உண்மைக் கண்ணாடிப் போத்தல் இரண்டும் மேடைக்கு வரக்கூடாது.

குடிக்கும், சாப்பிடும் காட்சிகளுக்கு?

சாராயத்துக்குப் பிளேன்டீதான். ஒரு தேக்கரண்டித் தேயிலைத் தூளை அரை லீட்டர் தண்ணீரில் கொதிக்கவைத்து, இருமுறை வடித்து, நன்றாக ஆறவைத்து, சபையின் கடைசி வரிசையிலிருந்து பார்த்து நிறம் சரியாகும்வரை தண்ணீர் சேருங்கள். சீனி போடவேண்டாம், தொண்டை கரகரக்கும். கோலா போன்ற வாயு பானம் கொடுத்தால் மூன்றாவது வசனத்தில் ஏவறை வரும். போத்தலின் லேபிளை உரித்துவிடுங்கள். மது, புகையிலை விளம்பரம் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் தடுக்கப்பட்டது. மூடிய பொது இடத்தில் புகைப்பதும் அதே சட்டத்தில் தடை. ஆகவே சிகரெட்டைப் பற்றவைக்காதீர்கள். பெட்டியைத் தட்டி, ஒன்றை எடுத்து, மகள் வருவதைக் கண்டு திரும்ப வைக்கும் நடிப்பு புகையை விட அதிகம் பேசும்.

சோத்துப் பார்சலில் உண்மையான சோறு இருக்கட்டும், குழைய வடித்தது, பருப்பும் கொஞ்சம். இரண்டு வாய், அதற்கு மேல் வேண்டாம். அடுத்த வசனம் விழுங்கிய பிறகுதான் தொடங்க வேண்டும். பிட்டு கூடவே கூடாது. உதிர்ந்து தொண்டையில் ஏறினால் காட்சி இருமலில் முடியும். லஞ்ச் ஷீட்டின் சரசரப்பு மைக்கில் பெரிதாகக் கேட்கும். வாழையிலையைத் தணலில் வாட்டிப் பாவித்தால் சத்தமும் இல்லை, முன்வரிசைக்கு வாசமும் போகும்.

நடிகர்கள் பாத்திரத்துக்குள் அகப்பட்டுக்கொள்ளாமல் எப்படிக் காப்பது?

"உன்ர அப்பா உன்னை அடிச்சதை நினைச்சு நடி" என்று எந்த நெறியாளரும் சொல்லக்கூடாது. அழுகை வரும், ஆனால் அதை ஒவ்வொரு இரவும் திரும்ப வரவழைக்க வேண்டியிருக்கும். ஒரு நாள் அது சொல்வழி கேட்காது. மூச்சு, தோள், கை, இடைவெளி என்று உடம்பு வழியாகவே கட்டுங்கள்.

கனமான காட்சிகளை ஒத்திகையின் முதல் பாதியில் வையுங்கள். கடைசி அரை மணி நேரம் இலகுவான காட்சி அல்லது மேடை நகர்வு. முடிவில் பத்து நிமிடம் வேடம் களைய ஒதுக்குங்கள். பாத்திரத்துக்கென்று ஒரு பொருளைத் தீர்மானிக்கலாம், ஒரு கைக்கடிகாரம் போல. அதைக் கழற்றிப் பெட்டியில் வைப்பது, முகம் கழுவுவது, வட்டமாக நின்று ஒருவரையொருவர் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது, தேநீரும் ஒரு வடையும். ஆண் நடிகர்கள் முதல் வாரம் இதைப் பகிடி பண்ணுவார்கள். விடாதீர்கள். யாராவது மூன்று ஒத்திகைக்குத் தொடர்ந்து பிந்தி வந்தால், சத்தம் போடும் முன் தனியாகக் கூப்பிட்டு நித்திரை எப்படி என்று கேளுங்கள்.

உளமருத்துவரையோ உளவளத்துணையாளரையோ எப்போது அழைப்பது?

முதல் வரைவு முடிந்ததும். பலர் அரங்கேற்றத்துக்கு முதல் வாரம் பிரதம விருந்தினராக அழைக்கிறார்கள். அப்போது அவர் பிழை கண்டாலும் திருத்த நேரம் இல்லை. வரைவைக் கொடுத்து மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள்: அறிகுறிகளும் காலமும் பொருந்துகின்றனவா, சிகிச்சைக் காட்சி சரியா, எந்த வரி ஒருவருக்கு ஆபத்தாகலாம். "நாடகம் நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள், அது உங்கள் வேலை.

எந்த மண்டபம்?

கில்ட்ஃபோர்ட் கிரசண்டில் 1953இல் திறந்த லயனல் வென்ட் 600 சொச்சம் இருக்கை உள்ள, நாடகத்துக்கென்றே கட்டிய அரங்கு. குரல் நன்றாகப் போகும். மருதானையில் 1911இன் டவர் மண்டபமும் எல்பின்ஸ்டனும் உண்டு. வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்துச் சங்கரப்பிள்ளை மண்டபம் தமிழ்ச் சபைக்குப் பழகிய இடம். தாமரைத் தடாகம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகள் கொண்டது. மெதுவாகப் பேசும் இந்த வகை நாடகம் அங்கே கரைந்துபோகும். எங்கள் தேர்வு எப்போதும் 200 முதல் 400 பேர் இருக்கும் மண்டபம். நடிகரின் கை நடுங்குவது கடைசி வரிசைக்குத் தெரிய வேண்டும்.

பதிவு செய்ய முன் நாடகம் நடக்கும் அதே நேரத்தில் போய்ப் பத்து நிமிடம் கண்ணை மூடி உட்காருங்கள். கடற்கரைப் பக்கம் என்றால் ரயில், கோவில் பக்கம் என்றால் மணி, காலி வீதி என்றால் பஸ் ஹோன். உங்கள் ஏழு விநாடி மௌனத்தில் அவைதான் கேட்கும்.

விளக்கும் ஒலியும்?

சோகத்துக்கு நீல விளக்கு போடும் பழக்கத்தை விடுங்கள். சாதாரண வீட்டு மஞ்சள் வெளிச்சத்தில் ஒருவர் உடைவதுதான் கொடுமை. பொது மண்டபத்தில் மின்கணக்கைப் பாருங்கள்: 230 வோல்ட்டில் 1000 வாட் பார் (PAR) மேடை விளக்கு ஒன்று 4.3 அம்பியர் இழுக்கும். 13 அம்பியர் பிளக்கில் இரண்டுக்கு மேல் மாட்டாதீர்கள். எல்ஈடி பார் என்றால் சுமை மிகக் குறைவு. ஒலிக்கருவிக்கும் மங்கலாக்கும் டிமருக்கும் ஒரே இணைப்பைக் கொடுத்தால் ஒலிபெருக்கியில் இரைச்சல் கேட்கும். வேறு வேறு இணைப்பு எடுங்கள்.

மின்விசிறியை நிறுத்தினால் கால் மணி நேரத்தில் சபை வியர்த்துக் கலையும், ஓடவிட்டால் மெல்லிய வசனம் கேட்காது. விசிறியைக் குறைந்த வேகத்தில் விட்டு, மேடை விளிம்பில் மூன்று நான்கு தட்டை மைக் வைத்து, ஒலிபெருக்கிகளை அந்த மைக் வரிசைக்கு முன்னால் நிறுத்துங்கள். பின்னால் நின்றால் ஊளையிடும்.

அனுமதி, வரி?

பொது அரங்காற்றுகைகளுக்கான சட்டம் 1912ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். தணிக்கைச் சபை என்று எல்லாரும் சொல்லும் சபைக்கு எழுத்துருவை முன்கூட்டியே கொடுக்கும் ஏற்பாடு அதன் கீழ் வந்தது. குறைந்தது ஆறு வாரம் முன்னதாக மண்டப முகாமையாளரிடமும் தணிக்கைச் சபையிடமும் இப்போதைய நடைமுறையைக் கேட்டு, கிடைத்த பதிலை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நுழைவுச்சீட்டு விற்றால் மாநகர சபையின் களியாட்ட வரியையும் விசாரியுங்கள். சினிமாப் பாட்டுப் போடுவதாக இருந்தால், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி உரிமை பெற வேண்டும்.

ஆண்களை எப்படி வரவைப்பது?

சுவரொட்டியில் "உளநல விழிப்புணர்வு நாடகம்" என்று போட்டால் பெண்களும் ஆசிரியர்களும் வருவார்கள். கதையைப் போடுங்கள்: பார்சலோடு காலிமுகத்திடலில் உட்கார்ந்திருக்கும் ஒருவர், அவ்வளவுதான். ஆண் தனியாக வரமாட்டார், கூட்டாளியோடு வருவார். ஆகவே இரண்டு பேருக்கு ஒரு சீட்டு என்று விற்பது நல்ல வழி. புறக்கோட்டைக் கடைத் தொழிலாளருக்கு ஞாயிறுதான் ஓய்வு. மாலை ஐந்தரைக்குத் தொடங்கி, கலந்துரையாடலும் சேர்த்து ஏழரைக்குள் முடித்தால் பஸ் பிடிக்கலாம். ஓட்டோத் தரிப்பிடங்களில் கையில் கொடுக்கும் பத்துச் சீட்டு, முகநூல் விளம்பரத்தை விட நிச்சயமாக ஆள் கொண்டுவரும்.

நுழைவாயிலிலும் தொடக்கத்திலும் இப்படி ஒரு அறிவிப்பு வேண்டும்: "இந்த நாடகத்தில் வீட்டுக்குள் நடக்கும் அடிதடியும் உயிரை மாய்க்கும் எண்ணமும் பேசப்படுகின்றன. உயிர்மாய்ப்பு மேடையில் காட்டப்படாது. எந்த நேரமும் வெளியே போய் வரலாம். பின்கதவருகே நீலப் பட்டி அணிந்தவர் உங்களுக்கு உதவுவார்." பாடசாலைகளில் போடுவதென்றால் உயர்தர மாணவருக்கு மட்டும், ஆலோசனை ஆசிரியர் எழுத்துருவை வாசித்த பிறகு.

நாடகம் முடிந்ததும் கலந்துரையாடல் வைப்பதா?

வையுங்கள், ஆனால் மைக்கை நீட்டி "உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்" என்று கேட்காதீர்கள். ஊரவர் முன்னால் சொல்லிவிட்டு, நாளை அதே தெருவில் நடக்க வேண்டியவர் அவர். இதற்குப் பொருத்தமான வடிவம் பிரேசிலின் அகஸ்தோ போவால் உருவாக்கிய விவாத அரங்கு. தோற்றுப்போன ஒரு காட்சியை மறுபடி போடுகிறீர்கள். பார்வையாளர் "நிறுத்து" என்று சொல்லி, பாத்திரம் ஒன்றின் இடத்தில் வந்து வேறு விதமாகச் செய்து பார்க்கிறார்.

நம் நாடகத்தில் மாற்ற வேண்டியது கேட்பவரின் இடம். காலிமுகத்திடல் முதல் சந்திப்பை மறுபடி போடுங்கள். "என்ன மச்சான், லீவா?" என்ற இடத்தில் நிறுத்தி, சபையிலிருந்து ஒருவர் வந்து வேறு எதையாவது கேட்கட்டும். எதிரே நிற்கும் நடிகர் இலகுவில் திறந்துவிடக் கூடாது, பகிடியால் தட்டிக் கழிக்க வேண்டும். மூன்று நான்கு பேர் முயன்றால் போதும், 25 நிமிடம். நடத்துனர் யாருக்கும் புள்ளி போடக்கூடாது. "இப்ப அவருக்கு என்ன மாறிச்சு?" என்று பாதிக்கப்பட்டவராக நடிப்பவரிடம் கேட்டால், பதில் அங்கிருந்து வரும். அந்த நடிகரைத் தயார்படுத்தத் தனியாக நான்கு ஒத்திகையாவது ஒதுக்குங்கள். எழுதாத வசனம் பேசுவது வேறு பயிற்சி.

பார்வையாளர் ஒருவர் கலங்கிப்போனால்?

இருவர் இதற்கென்றே பயிற்சி பெற்றிருக்க வேண்டும், ஒரு ஆண், ஒரு பெண். மண்டபத்துக்குள் ஒரு அமைதியான அறை, இரண்டு கதிரை, தண்ணீர், கடதாசிக் கைக்குட்டை. எதிரே உட்காராதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். பக்கவாட்டில் இருந்தால் ஆண்களுக்குப் பேச்சு வரும். அறிவுரை வேண்டாம். "சாக வேணும் எண்டு எண்ணம் வருதா?" என்று கேளுங்கள். ஆம் என்றால் தனியாக விடாதீர்கள், "யாருக்கும் சொல்லமாட்டன்" என்று சத்தியமும் செய்யாதீர்கள். கூட இருந்தே 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கோ 1333 என்ற உளவளத்துணை இலக்கத்துக்கோ அழையுங்கள். உடனடி ஆபத்து என்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ், அல்லது நேரே தேசிய வைத்தியசாலை. அவர் நம்பும் ஒருவரை வரவழைத்து, அவரோடு வீட்டுக்கு அனுப்பி, மறுநாள் அழைத்துக் கேட்கும் பொறுப்பை ஒருவரிடம் பெயர் சொல்லி ஒப்படையுங்கள்.

பெரும்பாலானவர் உங்களிடம் வரவே மாட்டார். அவருக்காக இந்த இலக்கங்களை விசிட்டிங் கார்ட் அளவில் அச்சடித்து, ஆண்கள் கழிவறைக் கதவின் உட்பக்கம் சிறு உறையில் வையுங்கள். முன்வாசல் மேசையில் வைத்த அட்டையை எடுக்க நாலு பேர் பார்ப்பார்கள், கதவைச் சாத்திக்கொண்டு எடுக்க யாரும் பார்க்கமாட்டார்கள். காட்சி முடிந்ததும் உறையில் எத்தனை குறைந்திருக்கிறது என்று எண்ணி, அடுத்த காட்சிக்கு நிரப்பி வையுங்கள்.